குமிழி நின்றால் கால் சுற்று

பிப்ரவரி 20

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இனிமேல் போனில் தொட்டிப் பேச்சே எடுக்கக் கூடாது என்று என் தங்கை உத்தரவு போட்டுவிட்டாள். "மூணாவது நிமிஷம் ரெண்டு பேரும் கத்த ஆரம்பிச்சிடுறீங்க. எழுதித் தொலைங்க" என்றாள். எழுதித் தொலைக்கிறேன். இந்த எண்ணெய்த் தளத்துக்கு வாரம் ஒரு படகு சாமான் கொண்டுவருகிறது, தபாலும் அதில்தான். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் கடல். எனக்குக் கவலை என்னவோ என் வீட்டுக் கூடத்தில் பவளமும் மீனும் வளரும் ஆறடித் தொட்டிக் கடலைப் பற்றித்தான்.

நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். தண்ணீரின் காரத்தன்மை முதல் வாரம் 8.4. இரண்டாம் வாரம் 8.4. மூன்றாம் வாரமும் நான்காம் வாரமும் அதே 8.4. ஆறு வருடமாக அந்தத் தொட்டியை வளர்க்கிறேன், என் கையில் அது இரண்டு வாரம் சேர்ந்தாற்போல ஒரே அளவைக் காட்டியதில்லை. பவளம் உயிருள்ள ஜந்து. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பை எடுத்துத்தான் உடம்பைக் கட்டுகிறது. ஒரு நாள் கூடுதலாகத் தின்னும், ஒரு நாள் குறைவாகத் தின்னும். உங்கள் தாளில் மட்டும் அது ஆபீஸ் கேன்டீனில் டோக்கன் வாங்கிச் சாப்பிடுகிறது.

நான் விட்டுவந்தது கால்சியம் ரியாக்டர். ஒரு உருளை நிறையப் பவளக்கல், பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், நிமிடத்துக்கு இருபது குமிழி. வாயு கல்லைக் கரைக்கும், கரைந்த நீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் போய்க் காரத்தன்மையை ஏற்றும். இதைத் தொடக் கூடாது என்று எத்தனை தடவை சொன்னேன் என்பது உங்களுக்கே தெரியும். நீங்களோ கல்யாணம் ஆன நாளிலிருந்து டோசிங் பம்ப் புராணம் பாடுகிறீர்கள். அதே சத்து இரண்டு பாட்டில் கரைசலாக, ஒரு சின்ன மோட்டார், மணிக்கு இத்தனை மில்லி என்று. ஆஸ்பத்திரியில் மருந்தேற்றும் பம்ப்பைப் பழுது பார்க்கிறவருக்குப் பவளமும் படுக்கையில் கிடக்கும் நோயாளியாகத்தான் தெரியும்.

என் தங்கை அனுப்பிய படத்தில் அந்த ஊதாக் கிளைப் பவளம் தெரிகிறது. அவள் கத்தரிக்காய் என்று பேர் வைத்தாளே, அதுதான். கட்டைவிரல் அளவு துண்டாக வாங்கி, இன்று கைப்பந்து அளவுக்கு வளர்த்திருக்கிறேன். அதற்குப் பின்னால் சுவரோரம் இரண்டு மெல்லிய குழாய்கள் இறங்குகின்றன. நான் வைத்தது ஒரே ஒரு குழாய்.

எனக்கு நேரான பதில் வேண்டும்.

உங்கள் மச்சான்

பிப்ரவரி 28

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நலம் என்று எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதினால் அதற்கும் ஆதாரம் கேட்பீர்கள்.

நீங்கள் ஒரு வருட ஒப்பந்தத்தில் போகிறீர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நீங்கள்தான் எங்களை இங்கே குடிவைத்தீர்கள். நான் விருந்தாளியும் இல்லை, காவல்காரனும் இல்லை. ஆனாலும் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன பதினான்கு சீட்டுகளையும் படித்து அதன்படியே நடக்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் இருப்பது வரைக்கும்.

இரண்டாவது குழாய், ஆவியாகிப்போகும் தண்ணீரை ஈடுகட்ட நல்ல தண்ணீர் விடுவதற்கு. ரியாக்டர் நீங்கள் விட்டபடியே ஓடுகிறது. குமிழி இருபது. நானே எண்ணினேன்.

என் மேல் உங்களுக்கு இருக்கிற சந்தேகம் புதிதா என்ன? கல்யாணப் பேச்சு நடந்தபோது, யாரோ நோயாளியைப் பார்க்க வந்தவர் போல ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். பம்ப் பழுது பார்க்கும் அறையைத் தேடி வந்து, என்னிடமே, "இங்க வேலை பாக்குற அந்தப் பையன் ஆளு எப்படி?" என்று கேட்டீர்கள். "தங்கமான பையன் சார்" என்று சொல்லி அனுப்பினேன். நிச்சயதார்த்தத்தன்று என்னைப் பார்த்து உங்கள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

அது போகட்டும். என் மனைவி காலை ஆறு மணிக்கு எழுந்து, என்னை எழுப்பாமல், கையில் ஒரு நோட்டோடு தொட்டிப் பக்கம் போகிறாள். நான் எட்டிப் பார்த்தால் நோட்டு சமையலறை டப்பாவுக்குப் பின்னால் போய்விடுகிறது. மூன்று வருடத்தில் அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. இப்போது மறைக்கிறாள். யார் சொல்லி?

எனக்கும் நேரான பதில் வேண்டும்.

மாப்பிள்ளை

மார்ச் 9

மாப்பிள்ளை,

ஆமாம், நான்தான் சொன்னேன். தினமும் காலையில் தண்ணீரைச் சோதித்து எழுதி வை என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டு வந்தேன். உங்களிடம் சொல்லாதே என்றும் சொன்னேன். பாய்லரைப் பார்ப்பவன் நான். ஒரு அழுத்தமானி காட்டுவதை நம்பி எந்த வால்வையும் திறக்க மாட்டேன், பக்கத்தில் இன்னொன்று வைப்பேன். அதைச் சந்தேகம் என்று சொல்லாதீர்கள், அது என் தொழில்.

போன படகில் அவள் நோட்டிலிருந்து எழுதி அனுப்பியது வந்தது. 8.4. பிறகு 8.9. பிறகு 9.6, 10.3, 11.1. நீங்கள் அதே நாட்களுக்கு அனுப்பியிருக்கும் தாளில் வரிசையாக 8.4.

ஊசிக்குழலில் தண்ணீர் எடுத்து, நீலம் மஞ்சளாகும்வரை மருந்துச் சொட்டு விடுவது நூலக வேலை பார்க்கிற என் தங்கைக்குத் தெரிகிறது, கருவி வேலை பார்க்கிற உங்களுக்குத் தெரியாதா? இரண்டில் ஒன்று பொய். என் தங்கைக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் என் பேனாவை உடைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே அழுதவள் அவள்.

பதினொன்று என்றால் கிளை நுனிகள் வெந்துபோகும் என்பது உங்களுக்கும் தெரியும். தொட்டிக்குள் என்ன போகிறது? எங்கிருந்து போகிறது? சொல்லாவிட்டால் நான் வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கும்.

மச்சான்

மார்ச் 16

மச்சானுக்கு,

ஒளிக்க இனி ஒன்றும் இல்லை, எழுதிவிடுகிறேன்.

நீங்கள் போன மூன்றாவது ஞாயிறு மதியம் கூடத்துக்கு வந்தேன். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ரியாக்டரில் குமிழி எண்ண முடியாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தபோது குமிழியே இல்லை. சிக்கிக்கிடந்த வால்வு திடீரென்று விட்டுக்கொடுத்திருக்கிறது. வாயு கொட்டித் தண்ணீர் புளித்துவிட்டது. சிலிண்டரையே மூடிவிடலாம் என்றால் அதன் தலையைத் திருகும் சாவி இல்லை. வீடு முழுக்கத் தேடினேன். நீங்கள் கையோடு எடுத்துப் போயிருக்கிறீர்கள். சாவியைக்கூட என்னை நம்பி விட்டுப்போக உங்களுக்கு மனம் வரவில்லை.

சின்ன வால்வை மட்டும் இறுக்கி மூடினேன். அடுத்த நாள் டோசிங் பம்ப்பை வைத்தேன். ஆமாம், இரண்டாவது குழாய் அதுதான். தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில், துணி போட்டு மூடி. உங்கள் தங்கைக்கும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே உங்கள் காதுக்கு வந்துவிடும் என்று நினைத்தேன்.

8.4 விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. முதல் தடவை உண்மையாகவே சோதித்தேன், 8.4 வந்தது. அந்த அளவு நிலைத்து நிற்க மணிக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டுப் பம்ப்பில் வைத்தேன். அப்புறம் தண்ணீரைத் தொடவே இல்லை. எங்கள் வேலையில் பம்ப்பைச் சரிபார்த்து அனுப்பினால் அது சொன்ன அளவைத் தரும். நோயாளியின் ரத்தத்தை நாங்கள் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் வைத்த அளவையே வந்த அளவாக எழுதி அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது.

ஆனால் மச்சான், பம்ப் மட்டும் ஓடினால் 11 வராது. தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து பார்த்தால் ரியாக்டரில் குமிழி ஓடுகிறது. நான் மூடுகிறேன். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் ஓடுகிறது. முதலில் வால்வு தானாக நழுவுகிறது என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. காலையில் அந்தப் பக்கம் போவது ஒரே ஒரு ஆள்தான். நீங்கள் சோதிக்க மட்டும்தான் சொன்னீர்களா, இல்லை திறக்கவும் சொன்னீர்களா?

என் வீட்டில் என் மனைவியைப் பார்த்து நான் சந்தேகப்படும்படி செய்துவிட்டீர்கள். அது என் வீடு இல்லை, உங்கள் வீடு என்பீர்கள். மனைவி என்னுடையவள்தானே.

மாப்பிள்ளை

மார்ச் 25

திருட்டுத்தனமாகப் பம்ப்பை வைத்தீர்கள். ஐந்து வாரம் பொய்யை எண்ணாக எழுதினீர்கள். மாட்டிக்கொண்டதும் பழியைத் தூக்கி என் தங்கை தலையில் போடுகிறீர்கள். வால்வைத் தொடும்படி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தண்ணீர் விஷயத்தில் இவ்வளவு பொய் சொல்கிறவர் வேறு எதில் உண்மை சொல்வார்? அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

பம்ப்பைக் கழற்றுங்கள். ரியாக்டரைத் தொடாதீர்கள்.

ஏப்ரல் 4

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் அவளுக்கும் எனக்கும் ஒரே நாளில் வந்தது. அவள் தன்னுடையதைப் படித்தாள். பிறகு என் கையிலிருந்ததை வாங்கிப் படித்தாள். அப்புறம், "மத்ததும் குடுங்க" என்று கேட்டு, நீங்கள் எழுதியது, நான் எழுதியதன் நகல், எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்துப் படித்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

படித்து முடித்துவிட்டு என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப் போனாள். ரியாக்டர் வால்வின் கழுத்தில் கம்பியால் கட்டிய மஞ்சள் அட்டை ஒன்று தொங்குகிறது. உங்கள் வேலையிடத்து அட்டை. உங்கள் கையெழுத்து. "குமிழி நின்றால் கால் சுற்று திற."

"தினமும் காலைல பாத்தா குமிழி நின்னிருக்கும். அண்ணன் எழுதி வச்சிருக்கு, நான் திறந்தேன். இதுல என்ன உளவு வேலை?" என்றாள்.

அந்த அட்டையை நானும் தினமும் பார்த்திருக்கிறேன் மச்சான். அது எனக்கு எழுதியது என்று நினைத்து, வேண்டுமென்றே மதிக்காமல் விட்டேன். அவள் அது தனக்கு எழுதியது என்று நினைத்து, தவறாமல் செய்திருக்கிறாள். நான் சாயங்காலம் மூட, அவள் காலையில் திறக்க, பகல் முழுக்க ரியாக்டரும் ஓடியிருக்கிறது, அலமாரிக்குள் என் பம்ப்பும் ஓடியிருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழுந்துகொண்டு, ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் அந்தத் தொட்டிக்கு இரட்டைச் சாப்பாடு ஊட்டியிருக்கிறோம். "குமிழி ஏன் நிக்குது?" என்று அவள் என்னை ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். கேட்டால் நோட்டு விஷயம் வெளியே வரும். "நீ திறந்தியா?" என்று நான் கேட்டிருந்தால் போதும். கேட்டால் பம்ப் வெளியே வரும்.

கத்தரிக்காய் நுனியெல்லாம் வெள்ளை. பின்பக்கம் ஒரு கை அளவு சதை உரிந்து வெறும் எலும்பு தெரிகிறது.

அவள் பெட்டியைக் கட்டினாள். ஆனால் பெரியம்மா வீட்டுக்குப் போகவில்லை. நூலகத்தில் கூட வேலை பார்க்கும் தோழியின் அறைக்குப் போயிருக்கிறாள். வாசலில் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணன் என்னை உங்க மேல காவலுக்கு வச்சிச்சு. நீங்க என்னைத் திருடி மாதிரி பாத்தீங்க. ரெண்டு பேரும் எனக்காகச் சண்டை போடுறதா சொல்லிக்கிறீங்க. ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான்கு நாளாக வீட்டில் நான் மட்டும். பம்ப்பை நிறுத்திவிட்டேன். வால்வை மூடிவிட்டேன், திறக்க ஆள் இல்லை. தினமும் காலை ஆறு மணிக்கு, அவள் சோதிக்கும் நேரத்தில், அவள் நோட்டிலேயே சோதித்து எழுதுகிறேன். 11.3, 10.9, 10.9, 10.2. நம்ப வேண்டாம். நம்பும்படி கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வாயுவை நான் மூடியிருக்காவிட்டால், குமிழி எதற்காக நிற்கும் என்று நினைத்து அந்த அட்டையைக் கட்டினீர்கள்?

மாப்பிள்ளை

ஏப்ரல் 15

மாப்பிள்ளை,

உங்கள் கேள்வியை நான்கு நாள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சுற்றினேன்.

வால்வு சிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தீர்களே, அன்று காலைதான் முதல் தடவை சிக்கியது. கால் சுற்று திறந்ததும் விட்டது, கூடவே வாயு கொட்டியது. அவசர அவசரமாகத் தண்ணீர் மாற்றினேன். கூடத்துத் தரை ஏன் ஈரம் என்று நீங்கள் கேட்டீர்கள். வாளி கவிழ்ந்துவிட்டது என்றேன். அன்று சாப்பாட்டு மேசையில் அரை மணி நேரம் ரியாக்டரின் பெருமை பேசியதும் நான்தான்.

புது வால்வு வாங்கியிருக்கலாம். வாங்கினால் ஏன் என்று கேட்பீர்கள். சொன்னால், "நான்தான் அப்பவே சொன்னேனே மச்சான்" என்று சிரிப்பீர்கள். அந்த ஒரு சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் அட்டையை எழுதிக் கட்டிவிட்டு வந்தேன். இங்கே ஒருவன் பழுதை ஏட்டில் எழுதாமல் வெறும் அட்டையைக் கட்டிவிட்டு ஷிப்ட் முடிந்து போனால், அடுத்த படகிலேயே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நான் இரண்டு பேரை அனுப்பியிருக்கிறேன்.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் உங்களை மிரட்டி எழுதினேன். மார்ச் 16 கடிதத்தில் வாயு கொட்டியதைப் படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகும் அவளைப் பெட்டி கட்டச் சொன்னேன். அதுதான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது. உங்களைப் பொய்யர் ஆக்கிவிட்டால் நான் சொன்ன பொய்யை யாரும் தேட மாட்டார்கள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. நீங்கள் மறைத்ததும் தப்புதான். ஆனால் மீன்களைக் காப்பாற்றியது நீங்கள்.

சிலிண்டர் சாவியை இந்த உறைக்குள் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். தலையை மூடிவிடுங்கள். பம்ப்பை ஓட்டுங்கள். எத்தனை மில்லி என்பது உங்கள் முடிவு. கத்தரிக்காய் பிழைத்தால் பிழைக்கட்டும், இல்லையென்றால் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் அட்டையை அறுத்து எறிந்துவிடுங்கள். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம். இந்தத் தடவை நீங்களே அறுக்கலாம்.

இந்தக் கடிதத்தை அந்த அறைக்குக் கொண்டுபோய் என் தங்கையிடம் கொடுங்கள். வாயால் சொல்ல வேண்டாம். அவளே படிக்கட்டும். அவளிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்பேன். உங்களிடம் இப்போதே கேட்கிறேன்.

உங்கள் மச்சான்

ஏப்ரல் 27

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் வந்த அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தேன். தோழி எனக்கு நாற்காலி போட்டாள். இவள் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். பிறகு, "சாவி எங்க?" என்று கேட்டாள். கொடுத்தேன். பெட்டியை நான் தூக்கினேன், சாவியை அவள் கையிலேயே வைத்துக்கொண்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய் சிலிண்டர் தலையைத் திருகி மூடினாள். அப்புறம்தான் அழுதாள்.

இப்போது பம்ப் அலமாரிக்கு வெளியே, எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. காலையில் அவள் சோதிக்கிறாள், சாயங்காலம் நான் சோதிக்கிறேன். ஒரே நோட்டு. அது டப்பாவுக்குப் பின்னால் போவதில்லை, தொட்டி மேலேயே கிடக்கிறது. இந்த வாரத்து அளவுகள்: 9.1, 8.7, 8.8, 8.2, 8.5. நேற்றைய காலை அளவுக்கும் மாலை அளவுக்கும் நிறைய வித்தியாசம் வந்தது. "நீங்க சொட்டை அவசரமா விடுறீங்க" என்கிறாள். "நீ மஞ்சளாகுறதுக்கு முன்னாடியே நிறுத்திடுறே" என்கிறேன். இரண்டு நாளாக இதே சண்டை. ஆனால் நேருக்கு நேர், சத்தமாக, ஒரே கூடத்தில் நின்றுகொண்டு.

கத்தரிக்காயில் பாதி போய்விட்டது. போன பாதியை அவளே உடைத்து வெளியே எடுத்தாள். மீதிப் பாதியில் வெள்ளை நுனிகளின் ஓரம் மெல்லிதாக ஊதா ஏறுகிறது. எனக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. அதனால் நோட்டில் எழுதவில்லை.

அட்டையை அறுக்கக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். கையைத் தட்டிவிட்டாள். "அண்ணன்தானே கட்டிச்சு? அண்ணனே வந்து அவுக்கட்டும். அது வரைக்கும் அங்கேயே தொங்கட்டும்" என்றாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு எழுதச் சொன்னாள். தேதி போட்டு எழுத வேண்டுமாம்.

அட்டையை நாங்கள் தொடவில்லை மச்சான். வாருங்கள்.

உங்கள் மாப்பிள்ளை